“காலம் அப்படி” என்ற சாக்கு: மூன்றாம் இராபர்ட் கார்ட்டரின் வாழ்வும் விடுதலைப் பத்திரமும்



சாதி குறித்துக் கேள்வி எழுப்பும் ஒவ்வொரு முறையும் நமக்கு ஒரு பதில் கிடைக்கிறது. “அந்தக் காலம் அப்படி. அன்றைய மனிதரை இன்றைய அளவுகோலால் அளக்காதீர்கள்.” நிலம் பறித்தவரையும் சேரியைத் தனியே ஒதுக்கி வைத்தவரையும் இந்த ஒரு வாக்கியம் குற்றத்திலிருந்து விடுவித்துவிடுகிறது. இதே வாக்கியத்தை அமெரிக்காவும் நன்றாக அறியும். அந்த நாட்டை நிறுவிய தலைவர்கள் அடிமைகளை வைத்திருந்தார்களே என்று கேட்டால், அங்கேயும் இதே பதில்தான்.

இந்த நினைவுப் பேருரையில், அந்தப் பதிலைப் பொய்யாக்கும் ஒருவரின் வாழ்க்கையை நாம் பார்க்கப்போகிறோம். அவர் பெயர் இராபர்ட் கார்ட்டர். அதே பெயர் கொண்ட தாத்தாவும் தந்தையும் இருந்ததால், வரலாற்றில் அவரை மூன்றாம் இராபர்ட் கார்ட்டர் என்பார்கள். அவர் வர்ஜீனியாவின் மிகப்பெரிய பண்ணையார்களில் ஒருவர், ஆளுநரின் ஆலோசனைச் சபை உறுப்பினர். அவர் நமக்கு வழிகாட்டி அல்லர், மீட்பரும் அல்லர். அவர் ஒரு சாட்சி. அவருடைய காலத்தில், அவருடைய வர்க்கத்தில், அவருடைய ஊரிலேயே வேறு மாதிரி நடந்துகொள்ள முடிந்தது என்பதற்கான சாட்சி. அந்த அளவில்தான் அவரை நாம் அணுகுகிறோம்.

ஒரு வாரிசின் பிறப்பு

கார்ட்டர் 1728இல் பிறந்தார். அவருடைய தாத்தாவை அக்கம்பக்கத்தார் “ராஜா” கார்ட்டர் என்றே அழைத்தார்கள். அந்த மனிதர் 1732இல் இறந்தபோது ஏறத்தாழ 3 லட்சம் ஏக்கர் நிலமும் ஆயிரம் பேர் அளவிலான அடிமைகளும் அவர் பெயரில் இருந்தார்கள். அதே ஆண்டில் பேரனின் தந்தையும் இறந்துபோனார். நான்கு வயதுக் குழந்தை பெரும் சொத்துக்கு வாரிசானது.

21 வயது நிறைந்ததும் 65 ஆயிரம் ஏக்கருக்கும் மேற்பட்ட நிலமும் நூற்றுக்கும் மேற்பட்ட மனிதர்களும் அவர் கைக்கு வந்தார்கள். நிலம், மாடு, நாற்காலி ஆகியவை எழுதப்பட்ட அதே சொத்துப் பட்டியலில்தான் மனிதர்களும் எழுதப்பட்டிருந்தார்கள். பிறகு இலண்டனுக்குப் போய்ச் சட்டம் படித்தார். திரும்பிவந்து மக்கள் சபைத் தேர்தலில் இரண்டு முறை நின்றார், இரண்டு முறையும் தோற்றார். 1754இல் மேரிலாந்தின் செல்வாக்கு மிக்க டாஸ்கர் குடும்பத்துப் பெண்ணான ஃபிரான்செஸை மணந்தார். அந்தத் திருமணத்தால் பால்டிமோர் இரும்பு ஆலையில் பங்கு வந்தது. மனைவியின் உறவினர் செல்வாக்கால் 1758இல் ஆளுநரின் ஆலோசனைச் சபையில் இடமும் வந்தது. மக்கள் தேர்ந்தெடுக்காதவரை மாமனார் குடும்பம் மேலே ஏற்றிவிட்டது. இது நமக்குப் புதிய கதையா?

வில்லியம்ஸ்பர்க் நகரில் அவருடைய வீடு ஆளுநர் மாளிகைக்கு அடுத்த வீடு. பிற்காலத்தில் சுதந்திரப் பிரகடனத்தை எழுதிய தாமஸ் ஜெபர்சன், இளைஞராக இருந்தபோது இசைக் கச்சேரிக்கும் விருந்துக்கும் வந்துபோன வட்டாரம் அது. ஆகவே கார்ட்டர் எங்கோ மூலையில் இருந்த மனிதர் அல்லர். அவர் அதிகாரத்தின் நடுவில் உட்கார்ந்திருந்தவர்.

நோமினி ஹால்: மாளிகையும் குடிசையும்

1770களின் தொடக்கத்தில் கார்ட்டர் குடும்பம் நகரத்தை விட்டு வெஸ்ட்மோர்லாந்து மாவட்டத்தில் இருந்த நோமினி ஹால் என்ற தன் மாளிகைக்குத் திரும்பியது. ஜார்ஜ் வாஷிங்டன் பிறந்ததும் இந்த மாவட்டத்தில்தான். அமெரிக்கத் தென்பகுதியின் புகழ்பெற்ற லீ குடும்பத்தின் மாளிகையும் இங்கேதான்.

கார்ட்டருக்கும் ஃபிரான்செஸுக்கும் 17 பிள்ளைகள் பிறந்தார்கள். பலர் சிறுவயதிலேயே இறந்தார்கள். பிள்ளைகளுக்குப் பாடம் சொல்ல 1773இல் பிலிப் ஃபிதியன் என்ற இளைஞர் வந்தார். ஓராண்டு தங்கிய அவர் ஒரு நாட்குறிப்பு எழுதினார். அதில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட நூல்கள் கொண்ட நூலகம் வருகிறது, பல இசைக்கருவிகள் வருகின்றன, நடனமும் விருந்தும் வருகின்றன. அதே நாட்குறிப்பில் இன்னொரு கணக்கும் இருக்கிறது. வயலில் வேலை செய்யும் ஒரு அடிமைக்கு வாரத்துக்கு ஒரு பெக் சோளம், ஒரு பவுண்டு இறைச்சி. பெக் என்பது ஏறத்தாழ ஒன்பது லிட்டர் அளவு. இறைச்சி அரைக்கிலோவுக்கும் குறைவு. இவ்வளவுதான் ஒரு வாரத்துக்கு. இதைக் கண்டு கலங்கிய ஃபிதியன், அந்த வட்டாரத்திலேயே அடிமைகளை மிகக் கருணையோடு நடத்துபவர் கார்ட்டர்தான் என்று எல்லோரும் ஒப்புக்கொள்வதாகவும் எழுதுகிறார்.

இந்த இரண்டு செய்திகளையும் சேர்த்துப் படிக்க வேண்டும். நல்ல ஆண்டையின் வீட்டிலேயே கணக்கு இதுதான் என்றால், மற்ற வீடுகளில் என்னவாக இருந்திருக்கும்? “எங்கள் பண்ணையார் நல்லவர்” என்று நம் பெரியவர்கள் சிலர் சொல்வதை நாமும் கேட்டிருக்கிறோம். நல்லவராக இருப்பது வேறு, உரிமையைத் தருவது வேறு. அடிமைமுறைக்குள் கருணை என்பது ஆண்டை விரும்பினால் கொடுப்பது, விரும்பாவிட்டால் நிறுத்துவது.

தாதா கும்பி என்ற 94 வயது முதியவரை ஃபிதியன் சந்தித்து எழுதியிருக்கிறார். அந்த வயது வரை அந்த மனிதர் உழைத்த உழைப்புக்கு எந்தக் கணக்கேட்டிலும் கூலி எழுதப்படவில்லை. கும்பி என்ற குடும்பப் பெயரை நினைவில் வைத்துக்கொள்வோம். கார்ட்டர் என்ற பெயருக்கு நூற்றுக்கணக்கான பக்கங்கள் இருக்கின்றன, கும்பிக்கு ஒரு நாட்குறிப்பின் சில வரிகள் இருக்கின்றன. வரலாறு யாருடைய கையில் இருந்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

மாற்றம் எங்கிருந்து வந்தது?

ஆண்டைகளின் மனம் தானாக இளகுவதில்லை. அடிமைகளின் அசைவுதான் முதலில் வருகிறது. 1775 நவம்பரில் வர்ஜீனியாவின் பிரித்தானிய ஆளுநர் டன்மோர் ஓர் அறிவிப்பு வெளியிட்டார். அரசருக்கு எதிராகக் கலகம் செய்யும் பண்ணையார்களின் அடிமைகள் அரசரின் படையில் சேர்ந்தால் விடுதலை என்றது அது. அவருக்கு அடிமைகள்மேல் அன்பு எதுவும் இல்லை, போரில் வெல்ல வேண்டியிருந்தது. ஆனால் நூற்றுக்கணக்கானோர் உயிரைப் பணயம் வைத்து ஓடிச் சேர்ந்தார்கள். அடிமைகள் விடுதலையை விரும்பவில்லை என்ற பொய் ஒரே குளிர்காலத்தில் உடைந்தது.

1776 ஜூலையில் கார்ட்டர் தன்னுடைய கோல்ஸ் பாயின்ட் பண்ணைக்குப் போய் அங்கிருந்தவர்களைக் கூட்டிவைத்துப் பேசினார். டன்மோரை நம்பாதீர்கள் என்றார், அவரிடம் போக விருப்பமா என்றும் கேட்டார். இல்லை என்று பதில் வந்தது. சாட்டையைக் கையில் வைத்திருப்பவர் கேட்கும்போது வேறு என்ன பதில் வரும்? ஆனாலும் ஒரு செய்தியை நாம் கவனிக்க வேண்டும். அதுவரை ஆணையிட்டுப் பழகிய பண்ணையார், முதன்முறையாகத் தன் அடிமைகளின் விருப்பத்தைக் கேட்க வேண்டிய நிலைக்கு வந்தார். அந்த நிலையை உருவாக்கியவர்கள் ஓடிப்போனவர்கள்.

அடுத்த ஆண்டு, 1777இல், அம்மைத் தடுப்புக்காகப் போட்டுக்கொண்ட பாலினால் வந்த காய்ச்சலில் கிடந்தபோது கார்ட்டருக்குப் பெரிய சமய அனுபவம் ஒன்று நேர்ந்தது. 1778இல் அவர் பாப்டிஸ்ட் சபையில் ஞானஸ்நானம் பெற்றார். அன்றைய வர்ஜீனியாவில் அது ஏழைகளின் சபை. மேட்டுக்குடியினர் அதை ஏளனம் செய்தார்கள். கறுப்பரும் வெள்ளையரும் அங்கே சேர்ந்து வழிபட்டார்கள். ஆளுநரின் சபையில் உட்கார்ந்தவர், தன்னுடைய அடிமைகள் உறுப்பினராக இருந்த சபையில் போய் உட்கார்ந்தார். உடன் உட்காருவது எவ்வளவு பெரிய செய்தி என்பதை நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

சட்டமும் மாறியது. 1723 முதல் வர்ஜீனியாவில் ஆளுநரும் ஆலோசனைச் சபையும் அனுமதித்தால் அன்றி எவரும் தன் அடிமையை விடுவிக்க முடியாது. 1782இல் வந்த சட்டம் அந்தத் தடையை நீக்கியது. விரும்பினால் உரிமையாளர் பத்திரம் எழுதி விடுவிக்கலாம். குவேக்கர் சபையைச் சேர்ந்த பலர் உடனே செய்தார்கள். 1790ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் வர்ஜீனியாவில் விடுதலை பெற்ற கறுப்பர்கள் 12 ஆயிரத்துக்கும் மேல். அதே கணக்கெடுப்பில் அடிமைகள் ஏறத்தாழ 2,92,000 பேர். கதவு திறந்திருந்தது, பெரும்பாலான ஆண்டைகள் அதன் பக்கம் போகவில்லை என்பதுதான் இந்த இரண்டு எண்களின் பொருள்.

புகையிலை மண்ணைக் கெடுத்துவிட்டது, கோதுமைக்கு மாறியதால் அவ்வளவு ஆள் தேவைப்படவில்லை, அதனால்தான் விடுவித்தார் என்று சிலர் சொல்லலாம். பொருளாதாரக் காரணத்தை நாம் ஒதுக்கக் கூடாது. ஆனால் அதே மண், அதே கோதுமை அக்கம்பக்கத்துப் பண்ணையார்களுக்கும் இருந்தது. தேவைக்கு மேற்பட்ட மனிதர்களை அவர்கள் விற்றார்கள். அடிமைக்குச் சந்தையில் நல்ல விலை இருந்தது. பொருளாதாரம் இரண்டு வழிகளைக் காட்டியது, ஒரு வழியில் பணம் இருந்தது. கார்ட்டர் பணமில்லாத வழியைத் தேர்ந்தார்.

1791: விடுதலைப் பத்திரம்

1791 ஆகஸ்ட் 1ஆம் நாளிட்ட ஒரு பத்திரத்தைக் கார்ட்டர் எழுதினார். செப்டம்பர் 5ஆம் நாள் அது நார்தம்பர்லாந்து மாவட்ட நீதிமன்றத்தில் பதிவானது. அதில் 452 பேரின் பெயர்கள் இருந்தன. எந்தப் பண்ணை, என்ன பெயர், என்ன வயது என்று வரிசையாக. பிறகு பிறந்த குழந்தைகளையும் சேர்த்தால் எண்ணிக்கை 500ஐ எட்டுகிறது. உள்நாட்டுப் போருக்கு முன் அமெரிக்காவில் தனிமனிதர் ஒருவர் செய்த மிகப்பெரிய விடுவிப்பு இதுவே என்று வரலாற்றாசிரியர்கள் குறிக்கிறார்கள்.

பத்திரத்தின் ஏற்பாடு இது. 1792 தொடங்கி ஒவ்வோர் ஆண்டும் ஜனவரி 2ஆம் நாள் 15 பேர் விடுதலை பெறுவார்கள். சிறுவர்கள் 21 வயதிலும் சிறுமிகள் 18 வயதிலும் விடுதலை பெறுவார்கள். நாளை யாரும் மறுக்க முடியாதபடி நீதிமன்றப் பதிவேட்டில் அது ஏறியது.

இதைப் பாராட்டும்போதே கணக்கையும் போட்டுப் பார்க்க வேண்டும். 1791இல் ஒரு வயதான ஆண் குழந்தைக்கு விடுதலை 1811இல்தான். நடுவில் இருபது ஆண்டுகள் கூலியில்லா உழைப்பு. கணவன் கார்ட்டரின் பண்ணையிலும் மனைவி வேறொருவரின் பண்ணையிலும் இருந்தால், ஒருவருக்குத்தான் விடுதலை. விடுதலை பெற்றவர்களில் சிலருக்குக் கார்ட்டர் நிலம் கொடுத்தார், ஆனால் குத்தகைக்கு. மூன்று தலைமுறையாக அந்த மண்ணைப் பண்படுத்தியவர்களுக்கு அதில் சொந்தமாக எதுவும் எழுதிவைக்கப்படவில்லை. நிலமில்லாத விடுதலை எவ்வளவு தூரம் போகும் என்ற கேள்வி 1791இலேயே எழுந்துவிட்டது.

அக்கம்பக்கமும் பிள்ளைகளும்

ஊர் கொதித்தது. கார்ட்டருக்கு வந்த பெயரில்லாக் கடிதம் ஒன்று, அடிமைகளை விடுவிப்பதைத் தன் வீட்டுக்குத் தானே தீ வைப்பதோடு ஒப்பிட்டது. அண்டை வீடும் சேர்ந்து எரியும் என்றால் அப்படிச் செய்ய உனக்கு என்ன உரிமை என்பது அதன் வாதம். அதில் ஓர் உண்மை இருக்கிறது. ஒரு பண்ணையில் கதவு திறந்தால் அடுத்த பண்ணையில் இருப்பவர்கள் கேள்வி கேட்பார்கள். அவர்கள் பயந்தது அந்தக் கேள்விக்குத்தான்.

குடும்பத்துக்குள்ளும் வருத்தம் இருந்தது. 1787இல் மனைவி இறந்துவிட்டார். மூத்த பிள்ளைகளுக்கும் மருமகன்களுக்கும் கைநழுவிப் போவது தங்கள் சொத்து. ஒரு மகன் சூதாட்டத்திலும் கடனிலும் மூழ்கியிருந்தார். 1793இல் கார்ட்டர் நோமினி ஹாலை விட்டு பால்டிமோருக்குக் குடிபெயர்ந்தார். விடுதலைப் பத்திரங்களை வழங்கும் பொறுப்பை மகன்களிடமோ மருமகன்களிடமோ தராமல், பெஞ்சமின் டாசன் என்ற பாப்டிஸ்ட் ஊழியரிடம் ஒப்படைத்தார். சொந்த வாரிசுகளை நம்பவில்லை என்பதற்கு இதைவிட வெளிப்படையான சான்று இல்லை. அவர் நினைத்தது சரிதான். அவர் மறைவுக்குப் பின்னும் பணி தொடர்ந்தது டாசனால்தான்.

இதில் நம் நெஞ்சில் தைக்கும் செய்தி ஒன்று உண்டு. அடிமைமுறை தன் மகன்களின் மனத்தைக் கெடுத்துவிடும் என்று அஞ்சி, ஜார்ஜ், ஜான் என்ற இரு சிறு மகன்களை 1780களில் தொலைதூர ரோட் ஐலண்டுக்குப் படிக்க அனுப்பியிருந்தார் கார்ட்டர். வர்ஜீனியாவின் அடிமைச் சூழலே காரணம் என்று அங்கிருந்த கல்லூரித் தலைவருக்கு வெளிப்படையாக எழுதவும் செய்தார். அந்த ஜார்ஜ் வளர்ந்தார். தந்தை கொடுத்த நிலத்தில் லவுடன் மாவட்டத்தில் ஓட்லாண்ட்ஸ் என்ற மாளிகையைக் கட்டினார். அடிமைகளை வைத்தே கட்டினார். உள்நாட்டுப் போருக்கு முன் அந்த மாவட்டத்திலேயே மிக அதிகமான அடிமைகள் இருந்த பண்ணையாக அது ஆனது.

ஒரு நல்ல தந்தை, ஒரு தொலைதூரப் பள்ளி. இரண்டும் சேர்ந்தும் ஒரு மகனை மாற்ற முடியவில்லை. சொத்து அவனை அழைத்தது, சட்டம் அனுமதித்தது, சமூகம் கைதட்டியது. “படித்தால் சாதி போய்விடும்” என்று நமக்குச் சொல்பவர்களிடம் ஓட்லாண்ட்ஸைக் காட்டலாம்.

யார் நினைவில் நிற்கிறார்கள்?

கார்ட்டர் 1804இல் பால்டிமோரில் இறந்தார். மகன் ஜார்ஜ் உடலை நோமினி ஹாலுக்குக் கொண்டுபோய்ப் புதைத்தார். கல்லறைக்குக் கல் நாட்டவில்லை. 1850இல் மாளிகையும் எரிந்து போனது.

இப்போது மற்றவர்களைப் பார்ப்போம். ஜெபர்சன் தன் வாழ்நாளில் 600க்கும் மேற்பட்டோரை அடிமைகளாக வைத்திருந்தார். உயிரோடு இருந்தபோது விடுவித்தது இருவரை, உயில் மூலம் ஐவரை. அவர் கடனை அடைக்க 1827 ஜனவரியில் 130 பேர் ஏலத்துக்கு வந்தார்கள். வாஷிங்டன் தன் உயிலில் தனக்குச் சொந்தமான 123 பேருக்கு விடுதலை எழுதினார், ஆனால் வாழ்ந்த காலம் முழுவதும் அவர்களுடைய உழைப்பை அனுபவித்தார். விடுதலை வீரர் பேட்ரிக் ஹென்றி 1773இல் எழுதிய கடிதத்தில், அடிமைமுறை தவறு என்று தெரிந்தும் அவர்கள் இல்லாமல் வாழ்வது வசதிப்படாததால் வைத்திருப்பதாக ஒப்புக்கொண்டார்.

ஆகவே அவர்களுக்குத் தெரியும். தெரியாமல் செய்தவர்கள் அல்லர். “காலம் அப்படி” என்று நாம் சொல்லும்போது, அவர்கள் தங்களுக்கே கொடுத்துக்கொள்ளாத மன்னிப்பை நாம் கொடுக்கிறோம்.

அப்படியானால் கார்ட்டர் ஏன் மறக்கப்பட்டார்? அவரை நினைத்தால் மற்றவர்களைக் கேள்வி கேட்க வேண்டும். அவரும் அதே மாவட்டம், அதே சட்டம், அதே செல்வம். அவரால் முடிந்தது என்றால் மற்றவர்களால் முடியாதது அல்ல, அவர்கள் விரும்பாதது. தேசத்துக்கு இது வசதியான நினைவு அல்ல. “ராஜா” கார்ட்டரின் வழிவந்த இன்னொருவருக்கு ஊரெங்கும் சிலைகள் எழுந்தன. அவர் அடிமைமுறையைக் காக்கப் போரிட்ட படைகளின் தளபதி இராபர்ட் லீ. ரிச்மண்ட் நகரில் இருந்த அவருடைய பெரிய சிலை 2021இல்தான் இறக்கப்பட்டது.

அம்பேத்கர் காட்டும் வேறுபாடு

இந்தக் கதைக்கும் நமக்கும் உள்ள உறவு புதிதல்ல. மகாத்மா புலே 1873இல் வெளியிட்ட ‘குலாம்கிரி’ நூலை, கறுப்பர் அடிமைமுறையை ஒழிக்கப் பாடுபட்ட அமெரிக்க மக்களுக்கே காணிக்கையாக்கினார். அண்ணல் அம்பேத்கர் 1946இல் கறுப்பின அறிஞர் டூபாய்ஸுக்குக் கடிதம் எழுதித் தீண்டத்தகாதோர், கறுப்பர் ஆகிய இருவரின் நிலையையும் சேர்த்துப் பேசினார்.

அடிமைமுறையையும் தீண்டாமையையும் ஒப்பிட்டு அம்பேத்கர் எழுதியவற்றில் ஒரு கருத்து இங்கே முக்கியமானது. அடிமை வைத்திருக்கச் சட்டம் ஒருவரை அனுமதிக்கிறது, கட்டாயப்படுத்துவதில்லை. விரும்பினால் விடுவிக்கலாம். தீண்டாமையோ கட்டாயம். எந்தத் தனிமனிதரும் பத்திரம் எழுதி ஒருவரைத் தீண்டாமையிலிருந்து விடுவிக்க முடியாது. கார்ட்டரின் பத்திரம் இந்தக் கருத்துக்கு நேரடி எடுத்துக்காட்டு. ஒரு கையெழுத்தில் 452 பேருக்குச் சட்டப்படி வழி பிறந்தது. நம் ஊரில் எந்தப் பண்ணையாரின் கையெழுத்துக்கும் அந்த வலிமை இல்லை. ஏனென்றால் நம்மை அடைத்து வைத்திருப்பது ஒரு ஆண்டை அல்ல, ஒரு சமூகம்.

ஆனால் கதையின் மறுபக்கமும் அம்பேத்கரின் எச்சரிக்கையை உறுதிசெய்கிறது. விடுதலைப் பத்திரம் தோலின் நிறத்தை மாற்றவில்லை. 1806இல் வர்ஜீனியா ஒரு சட்டம் இயற்றியது. இனி விடுவிக்கப்படுகிறவர் 12 மாதத்துக்குள் மாநிலத்தை விட்டு வெளியேற வேண்டும், இல்லையேல் மீண்டும் விற்கப்படலாம். அடிமைநிலை போனாலும் பிறப்பைக் காரணம் காட்டும் இழிவு போகவில்லை. அந்த இடத்தில் இனவெறியும் சாதியும் கைகுலுக்கிக்கொள்கின்றன.

நாம் எடுத்துச் செல்ல வேண்டியவை

தோழர்களே, இரண்டு செய்திகளோடு முடிக்கிறோம்.

முதலாவது, வரலாற்றை எழுதுகிற மாணவர்களுக்கு. ஒரு காலத்தை அந்தக் காலத்தின் அளவுகோலாலேயே அளக்கலாம், நமக்குத் தயக்கமில்லை. ஆனால் அந்தக் காலத்தில் யாருடைய அளவுகோல் என்று கேளுங்கள். 1775இல் ஓடிப்போனவர்களும் அந்தக் காலத்தவர்களே. தாதா கும்பியும் அந்தக் காலத்தவரே. அடிமைமுறை சரி என்று அவர்கள் ஒருநாளும் ஒப்புக்கொள்ளவில்லை. ஆண்டையின் கருத்தை மட்டும் காலத்தின் கருத்து என்று எழுதுவதே ஆண்டையின் வேலை.

இரண்டாவது, களத்தில் நிற்பவர்களுக்கு. நல்ல மனிதர் ஒருவரின் மனமாற்றத்தை நாம் வரவேற்கலாம், நம்பியிருக்க முடியாது. கார்ட்டரின் மனம் அவரோடு முடிந்தது. மகனிடம்கூடப் போய்ச் சேரவில்லை. பதிவேட்டில் ஏறிய பத்திரம்தான் அவருக்குப் பின்னும் வேலை செய்தது. ஆகவே கருணையைக் கேட்காமல் உரிமையை எழுத்தில் கேட்போம், எழுத்தோடு நிலத்தையும் கேட்போம். கேட்கும்போது “அந்தக் காலம் அப்படி” என்று யாராவது சொன்னால், 452 பெயர்கள் எழுதப்பட்ட அந்தப் பத்திரத்தை அவர்கள் முன் வைப்போம்.

ஜெய்பீம்.